பன்னிரண்டாம் கட்டிலுக்கு வந்த கடன்

அத்தியாயம் 5

சாவு வீட்டுக்குப் போகிற வழியில் கோழி அடோபோவை விரலால் வழித்துத் தின்றுகொண்டு வருகிறவன், இலோயிலோ நகரம் முழுக்கச் சல்லடை போட்டுத் தேடினாலும், எமோங் ஒருவன்தான் அகப்படுவான்.

"மானாங் லுமிங்கோட கைப்பக்குவமே தனி," என்றான் வாய் நிறைய. "சமையலை விடுங்க. டப்பா மேல ஒட்டியிருக்கற இந்த பிளாஸ்திரியைப் பாருங்க. ஒரு முனையை உள்பக்கமா மடிச்சு விட்டிருக்காங்க. நகத்தால சுரண்டவே வேண்டாம். புடிச்சு இழுத்தா வந்துடுது. பசிச்சவன் மேல என்ன ஒரு கருணை!"

"அது எனக்குக் குடுத்த டப்பா," என்றாள் ஃபெலிசா, வண்டியைச் சந்துக்குள் திருப்பிக்கொண்டே.

"பேரு உங்களுது மானாங். பசி என்னுது."

ஃபெலிசா சுமகைசாய் போலீஸ் வேலையை உதறிவிட்டுத் தனியாகத் துப்பறியத் தொடங்கியபோது, அவளோடு சேர்ந்துகொண்ட ஒரே ஆள், அவளை 'மானாங்', அதாவது அக்கா, என்று கூப்பிடுகிற இந்த எமோங். உள்ளூர் ரேடியோவில் செய்தி வாசித்துக்கொண்டிருந்தவன். ஒரு நாள் மேயரின் மைத்துனரைப் பற்றி உண்மையைச் செய்தியாக வாசித்துவிட்டான். மறுநாள் வேலை போயிற்று. வாய் மட்டும் போகவில்லை.

அடோபோ கொடுத்தனுப்பிய லுமிங், ஆற்றோரத்து ஆஸ்பத்திரியில் ஆண்கள் வார்டின் தலைமை நர்ஸ். ஃபெலிசாவின் மகளுக்கு ஞானத்தாய். இருவரும் ஒருவரையொருவர் 'மாரே' என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். இந்த வேலை ஃபெலிசாவுக்கு வந்ததே லுமிங் சொல்லித்தான்.

வேலை சின்னது என்றுதான் அன்று காலை ஆஸ்பத்திரி டாக்டர் எஸ்கலாந்தே சொன்னார். வயிற்றில் சீழ் பிடித்துப் படுத்திருந்த தாசியோ என்கிற ஜீப்னி டிரைவர், நன்றாகத் தேறி வந்த நேரத்தில், ஒரு காலை ஊசி போட்ட கையோடு இறந்துபோனார். மருந்துத் தூளைக் கரைக்க வேண்டியது சுத்தத் தண்ணீர். கரைத்ததோ பொட்டாசியம். சொட்டுச் சொட்டாக ஏற்ற வேண்டிய அந்தச் சரக்கு ஒரே மூச்சில் உள்ளே போனால் இதயம் அப்படியே நின்றுவிடும்.

"வெளியில மருந்து வாங்கிட்டு வந்தது அவரோட பொண்டாட்டி," என்றார் டாக்டர். "அந்தம்மாவுக்குப் படிப்பு குறைச்சல். கடையில எதையோ மாத்தி வாங்கிட்டாங்க. நர்ஸ் பொண்ணு நம்பிப் போட்டுட்டா. இதை மரியாதையா ஒரு பக்கத்துல எழுதிக் குடுத்துடுங்க. யார் மனசும் நோகக் கூடாது."

பிறகு ஓர் உறையை நீட்டினார். உள்ளே காலியான பிளாஸ்டிக் குப்பி. மேலே பன்னிரண்டு என்று கட்டில் எண் எழுதிய பிளாஸ்திரி. அந்த பிளாஸ்திரி மருந்தின் பெயரை முழுசாக மறைத்துக்கொண்டிருந்தது. ஃபெலிசா அதைப் பார்த்தாள். என்னவோ ஒன்று நெருடியது. அதற்கு மேல் பார்க்க மனம் ஒப்பாமல் உறையை மூடிக் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

வண்டி நின்றது. சந்தின் குறுக்கே நீலத் தார்ப்பாய் கட்டி, அதன் கீழே நாலைந்து ஆண்கள் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள்.

"ஞாபகம் வச்சுக்கோ," என்றாள் ஃபெலிசா. "இங்க யாரும் நன்றி சொல்ல மாட்டாங்க, வாசல் வரைக்கும் வந்து வழியனுப்பவும் மாட்டாங்க. அப்படிச் செஞ்சா சாவையும் கூடவே அனுப்பின மாதிரி ஆயிடுமாம். நீயும் யாருக்கும் நன்றி சொல்லித் தொலைக்காதே."

"எனக்குப் பழக்கம்தான் மானாங். ரேடியோ ஸ்டேஷன்லயும் என்னை அப்படித்தான் அனுப்பினாங்க."

உள்ளே, முன்னறையில் வெள்ளைச் சவப்பெட்டி. கண்ணாடி மூடிக்குக் கீழே தாசியோ, வாழ்நாளில் போட்டிராத கோட்டு ஒன்றைப் போட்டுக்கொண்டு படுத்திருந்தார். பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி கையில் மஞ்சள் கோழிக்குஞ்சை வைத்துக்கொண்டு மன்றாடிக்கொண்டிருந்தாள்.

"வச்சுடறேன் தியா லோலிங். கண்ணாடி மேல நாலு அரிசி தூவி இதை விட்டா போதும். இது கொத்தக் கொத்தக் கொன்னவங்க மனசாட்சியைக் கொத்தும். தானா வந்து கால்ல விழுவாங்க. என் சித்தப்பா கேஸ்ல அப்படித்தான் நடந்துச்சு."

"வேண்டாம்னா விடேன்!" என்றாள் விதவை லோலிங். அந்தச் சந்துக்கே அவள் 'தியா', அத்தை. பக்கத்து வீட்டுக்காரி அதற்குள் பெட்டியின் மேல் தூவியிருந்த அரிசியை வெறுங்கையால் கூட்டித் தள்ளினாள். "அது யாரைக் கொத்தும்னு எனக்குத் தெரியும். என்னைத்தான் கொத்தும்."

கோழிக்குஞ்சு கூடைக்குப் போயிற்று. பக்கத்து வீட்டுக்காரி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்தாள்.

ஃபெலிசா ஆஸ்பத்திரி அனுப்பிய ஆள் என்று சொல்லி விதவையின் அருகே அமர்ந்தாள். அதைச் சொல்லும்போதே நாக்கு கூசியது. லோலிங் கோபப்படவில்லை. எழுந்து நின்று கையைக் கட்டிக்கொண்டாள், ஸ்டேஷனில் திருடிகள் நிற்பதுபோல.

"என்னைக் கேக்க வந்தீங்களா? கேளுங்க. டாக்டர் எல்லாம் சொன்னார். நான்தான் தப்பா வாங்கிட்டேன். அந்த நர்ஸ் பொண்ணு மேல எனக்குக் கோபமே இல்லை. அன்னிக்குக் காலைலதான் டூட்டிக்கு வந்துச்சு. முகமூடிக்கு மேல ரெண்டு கண்ணுதான் பார்த்தேன், பாவம்."

"உக்காருங்க தியா. நீங்க வாங்கினது எப்படி இருந்துச்சுன்னு சொல்லுங்க, போதும்."

"சீட்டுல எழுதினதைத்தான் கடைக்காரம்மாகிட்ட நீட்டினேன். அவங்க குடுத்ததை வாங்கினேன். கண்ணாடியாச்சே, படியேறும்போது கை தவறினா என்ன பண்றதுன்னு கைக்குட்டையில சுத்தி ரவிக்கைக்குள்ள வச்சுக்கிட்டேன். அவ்வளவு பத்திரமா கொண்டு போய்க் குடுத்தேன்." அவள் பெட்டியைத் திரும்பிப் பார்த்தாள். "அவ்வளவு பத்திரமா எமனைக் கொண்டு போய்க் குடுத்திருக்கேன்."

"கண்ணாடியா?"

"ஆமா. நர்ஸுங்க கழுத்தை ஒடிப்பாங்களே, டிக்குனு சத்தம் வருமே, அது."

ஃபெலிசாவின் கை தன்னையறியாமல் கைப்பைமேல் போயிற்று. அதற்குள் இருந்தது கழுத்தைத் திருகித் திறக்கிற பிளாஸ்டிக் குப்பி. அதை ஒடித்தால் சத்தமும் வராது, கீழே போட்டால் உடையவும் செய்யாது.

"ஊசி போடும்போது நீங்க பக்கத்துல இருந்தீங்களா?"

"இல்லை. வெந்நீர் பிடிக்கப் போனேன். திரும்பி வர்றதுக்குள்ள கட்டிலைச் சுத்தி ஆளுங்க. கடைசியா ஒரு வார்த்தை பேசலை. அவர் ஏதாச்சும் சொன்னாரா, கூப்பிட்டாரான்னு கேக்கக்கூட எனக்கு யோக்கியதை இல்லை."

எமோங் காபிக்காகச் சமையலறைக்குள் போனவன் திரும்பி வந்து ஃபெலிசாவின் காதோடு சொன்னான்.

"உள்ள ஒரு பொண்ணு கப்பு கழுவுது. முழங்கை வரைக்கும் சோப்பு. குழாயை மூடறது கையால இல்லை, முழங்கையால. காபிக் கப்பு கழுவுறாளா, கிட்னி மாத்தப் போறாளான்னு தெரியலை."

"யாரு தியா அந்தப் பொண்ணு?" என்று கேட்டாள் ஃபெலிசா.

"தெரியலையே. பின்தெருப் பொண்ணுன்னு நினைச்சேன். தினமும் வருது. கப்பெல்லாம் கழுவுது. ஒரு பிஸ்கட்டைக்கூட வாயில போட மாட்டேங்குது. பொழுது சாயறப்ப போயிடுது. நல்ல வளர்ப்பு."

ஃபெலிசா சமையலறைப் பக்கம் பார்த்தாள். அந்தப் பெண் சட்டென்று சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

வெளியே வந்தார்கள். யாரும் வழியனுப்பவில்லை.

"மானாங், அந்தப் பொண்ணு..."

"தெரியும். இப்ப வேண்டாம். முதல்ல கடைக்குப் போவோம்."

ஆஸ்பத்திரி வாசலுக்கு எதிரே மருந்துக் கடை. கடைக்காரி டிவி நாடகத்தில் கண்ணை வைத்துக்கொண்டே கல்லாவில் கையை வைத்திருந்தாள். ஃபெலிசா பிளாஸ்டிக் குப்பியை எடுத்து நீட்டினாள்.

"இது உங்க கடைச் சரக்கா?"

ஒரு பார்வைதான் பார்த்தாள். "பிளாஸ்டிக்கா? அதெல்லாம் மால்ல, கார்ல வர்றவங்க வாங்கறது. நம்ம கடையில கண்ணாடிதான். விலை குறைச்சல்."

"பொட்டாசியம் வச்சிருக்கீங்களா?"

இப்போது நாடகத்தை விட்டுவிட்டுத் திரும்பினாள். "அதை நான் விக்கறதே இல்லை. எவனாவது எதையாவது மாத்திப் போட்டுட்டா யாரு ஜெயிலுக்குப் போறது?"

"கவலைப்படாதீங்க, அதுக்கு ஒரு விதவையை ரெடி பண்ணி வச்சிருக்காங்க," என்றான் எமோங்.

கடைக்காரிக்குப் புரிய ஒரு நொடி ஆயிற்று. "டிரைவர் பொண்டாட்டியா? கைக்குட்டையில சுத்திட்டுப் போனாங்களே, அவங்களா? ஐயோ, அந்தம்மாவுக்கு நான்தான் என் கையால எடுத்துக் குடுத்தேன். தண்ணிதான் குடுத்தேன். கோயில்ல வந்து சத்தியம் பண்ணச் சொன்னாலும் பண்றேன்."

"ஏன் இதை யார்கிட்டயும் சொல்லலை?"

"யாரும் கேக்கலையே."

தெருவைக் கடக்கும்போது எமோங் தலையைச் சொறிந்தான். "ஆக, அந்தம்மா ரவிக்கைக்குள்ள போனது கண்ணாடி. அவர் கைக்குள்ள போனது பிளாஸ்டிக். நடுவுல இருக்கறது இருபது படியும் ஒரு வார்டும். படி மேல எனக்குச் சந்தேகமில்லை."

ஃபெலிசா சிரிக்கவில்லை. அவளுக்கு வார்டுக்குப் போகவே கால் வரவில்லை. இதைக் களைப்பு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். இத்தனை வருஷம் எத்தனையோ பேர் பொய்யைக் கண்டுபிடித்தவள் தன் பொய்யைக் கண்டுகொள்ளாமல் படியேறினாள்.

வார்டில் நர்ஸ்களைப் பேச வைக்க எமோங் தனக்கே உரிய வழியில் இறங்கினான். கடைத்தெருவில் வாங்கிய பான்சித் நூடுல்ஸ் பொட்டலத்தை நர்ஸ்களின் மேஜைமேல் வைத்து, "எல்லாரும் சாப்பிடுங்க!" என்றான்.

மேஜையைச் சுற்றியிருந்த மூன்று பேரும் பாம்பைக் கண்டதுபோல் அலறினார்கள்.

"டூட்டியில பான்சித்தா! எடுங்க, எடுங்க! நூடுல்ஸ் மாதிரி நோயாளிங்க நீள வரிசையா வந்துடுவாங்க!"

"அன்னிக்கும் யாராச்சும் கொண்டு வந்தாங்களோ?"

"கொண்டு வந்திருந்தா நாங்க தொட்டிருக்கவே மாட்டோம். அன்னிக்குச் சும்மாவே ஒரே ரகளை. ஒன்பதாம் கட்டில் பெரியவருக்கு ராத்திரி பூரா மூச்சுத் திணறல்."

அவர்கள் பொட்டலத்தை வெளியே துரத்துவதில் மும்முரமாக இருக்கும்போது ஃபெலிசா மருந்து அலமாரியின் முன் நின்றாள். கட்டிலுக்கு ஒன்றாகப் பழைய ஐஸ்கிரீம் டப்பாக்கள். ஒவ்வொன்றிலும் அந்தந்த நோயாளியின் குடும்பம் வாங்கி வந்த மருந்து. ஒன்பதாம் எண் டப்பா நிரம்பி வழிந்தது. மகன் காரில் வந்து மாலில் வாங்கிப் போட்டுவிட்டுப் போகிற வீடு. உள்ளே பிளாஸ்டிக் குப்பிகள். இரண்டை எடுத்துப் பார்த்தாள். ஒரே கம்பெனி, ஒரே அளவு, ஒரே நீல எழுத்து. ஒன்று தண்ணீர். ஒன்று பொட்டாசியம்.

"ஒன்பதுல இருக்கறது பன்னிரண்டுக்கு எப்படிப் போகும்?" என்று அருகில் வந்த நர்ஸைக் கேட்டாள்.

அந்தப் பெண் ஒளிக்கவில்லை. ஒளிக்க வேண்டிய விஷயம் என்றே அவளுக்குத் தோன்றவில்லை. "கடன்தான். நடுராத்திரியில ஒன்பதுக்குத் தண்ணி தீர்ந்துட்டா மகனுக்குப் போன் பண்ணி எழுப்ப முடியுமா? பன்னிரண்டுல இருந்து கடன் எடுத்துப் போடுவோம். காலைல ஒன்பதுக்குப் புதுசு வந்ததும் பன்னிரண்டுக்குத் திருப்பி வச்சுடுவாங்க. எல்லா வார்டுலயும் உண்டு. எங்க வார்டுலதான் ஒண்ணுகூட விடாம திருப்பித் தர்றது. டூட்டி மாறறதுக்கு முன்னாடி கட்டில் நம்பர் ஒட்டித் திருப்பி வைக்காம அவங்க வீட்டுக்குப் போனதே இல்லை. ஏழைங்க பொருள் ஒரு சொட்டு குறையக் கூடாதுன்னு சொல்லுவாங்க."

"யாரு?"

"மானாங் லுமிங்தான். வேற யாரு?"

ஃபெலிசா உறையைத் திறந்தாள். இப்போது பார்க்காமல் இருக்க வழி இல்லை. காலிக் குப்பியின்மேல் ஒட்டியிருந்த பிளாஸ்திரியின் ஒரு முனை உள்பக்கமாக, அழகாக மடிக்கப்பட்டிருந்தது. அடுத்தவர் நகம் நோகாமல் பிரிக்கட்டும் என்று.

எமோங் திரும்பி வந்து அவள் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தான். வாயைத் திறந்தான். மூடிக்கொண்டான். காலையில் அடோபோ டப்பாவிலிருந்து கிழித்த பிளாஸ்திரி இன்னும் அவன் சட்டைப் பையில் ஒட்டிக்கொண்டிருந்தது. அதை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தான்.

லுமிங் துணி அறையில் தனியாக விரிப்பு மடித்துக்கொண்டிருந்தாள். மூக்குக்கண்ணாடியைத் தலைமேல் ஏற்றி வைத்திருந்தாள். ஃபெலிசாவைப் பார்த்ததும் சிரித்தாள்.

"வந்துட்டியா மாரே? அடோபோ காரமா இருந்துச்சா?"

ஃபெலிசா குப்பியையும் பிளாஸ்திரித் துண்டையும் விரிப்பின்மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

லுமிங் கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டு பார்த்தாள். பிறகு மடித்த விரிப்பையே மறுபடி பிரித்து மடிக்கத் தொடங்கினாள்.

"அன்னிக்கும் கண்ணாடி தலைமேலதான் இருந்துச்சு," என்றாள். "டூட்டி மாறற நேரம். கடன் பாக்கி வைக்கக் கூடாதுன்னு அவசரம். ஒன்பதுல கை விட்டு எடுத்தேன், பன்னிரண்டுன்னு ஒட்டினேன், போட்டேன். அந்த ஏழை டிரைவருக்கு ஒரு தண்ணிக் குப்பி குறையக் கூடாதுன்னுதான்..." கண்ணாடியைக் கழற்றி விரிப்பின் ஓரத்தில் துடைத்தாள்.

"எப்ப தெரிஞ்சுது?"

"அப்பவே. தகவல் வந்து ஓடிப்போய்ப் பார்த்தேன். கீழே கிடந்த குப்பியில என் பிளாஸ்திரி. அப்பவே தெரிஞ்சுது."

"அப்பவே தெரிஞ்சும் பழியை அந்தம்மா தலையில கட்டினியா?"

"நான் கட்டலை ஃபெலி! டாக்டர்தான் குடும்பம் மாத்தி வாங்கியிருக்கும்னு சொன்னார். நான் ஒண்ணும் சொல்லலை. தலையை மட்டும் ஆட்டினேன்."

"பொய் சொல்ல வாய் வேணும்னு இத்தனை வருஷம் ரேடியோவுல நினைச்சுட்டிருந்தேன்," என்றான் கதவருகே நின்ற எமோங் மெதுவாக. "தலை இருந்தாலே போதும் போல."

லுமிங் அவன் பக்கம் திரும்பவில்லை. "இந்த டிசம்பர்ல ரிட்டயர்மென்ட். இத்தனை வருஷத்துல என் மேல ஒரு புகார் கிடையாது. வார்டே என்னைத் தாயின்னு சொல்லும். அந்தப் பேரோட போயிடலாம்னு பார்த்தேன். வெக்கமா இருக்கு மாரே. சொல்லவும் வெக்கம், சொல்லாம இருக்கவும் வெக்கம்."

"டாக்டர்கிட்ட என் பேரை ஏன் சொன்னே?"

லுமிங் விரிப்பின் சுருக்கத்தை நீவிக்கொண்டிருந்தாள்.

"ஊர்ல வேற துப்பறியிறவங்களே இல்லையா? என்னை ஏன் கூப்பிட்டே?"

"நீன்னா பார்க்க மாட்டேன்னு நினைச்சேன்," என்றாள் லுமிங், விரிப்பில் முகத்தைப் புதைத்துக்கொண்டு. "என் மேல உனக்கு இருக்கற பிரியத்துல கண்ணை மூடிப்பேன்னு."

அறைந்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. ஏனென்றால் அவள் நினைத்தது சரி. ஃபெலிசா கண்ணை மூடிக்கொண்டுதான் இருந்தாள். டாக்டர் அறையிலேயே அந்த மடித்த முனையைப் பார்த்தவள், உறையைச் சட்டென்று மூடியவள், அந்த உறையோடு போய் ஒரு விதவைக்கு முன்னால் உட்கார்ந்து, அவள் கையைக் கட்டிக்கொண்டு நின்றதைப் பார்த்தவள். துப்புக் கிடைக்காமல் அலையவில்லை. கிடைத்த துப்பைக் கண்டுகொள்ளாமல் அலைந்திருக்கிறாள்.

"மூடிக்கிட்டுத்தான் இருந்தேன்," என்றாள். "உன்னைச் சொல்ல எனக்கு முழு யோக்கியதை கிடையாது. ஆனா அங்க ஒருத்தி, புருஷனைத் தானே கொன்னுட்டோம்னு நம்பிக்கிட்டு, கோழிக்குஞ்சைக்கூடப் பெட்டி மேல வைக்க விடாம உக்காந்திருக்கா. நாளைக்கு அடக்கம். அதோட சேர்த்து அவளையும் புதைச்சுடலாமா?"

லுமிங் நிமிர்ந்தாள். முகம் வீங்கியிருந்தது. "நான் போய்ச் சொன்னா ஷெய்ரா என்ன ஆவா? ஊசி போட்டது அவ. ஜெர்மனிக்குப் போக எல்லாம் தயார் பண்ணி வச்சிருக்கா. டாக்டர் லீவு குடுத்து அனுப்பினதுல இருந்து போன் எடுக்கறதில்லை. வீட்டுலயும் பகல் பூரா இல்லையாம். ஏதாச்சும் பண்ணிக்குவாளோன்னு எனக்குத் தூக்கமே இல்லை."

"அவ எங்க இருக்கான்னு எனக்குத் தெரியும்," என்றாள் ஃபெலிசா. "செத்தவர் வீட்டுச் சமையலறையில கப்பு கழுவிட்டிருக்கா. தினமும்."

லுமிங்கின் கையிலிருந்த விரிப்பு நழுவிக் கீழே விழுந்தது. அதை அவள் எடுக்கவில்லை. தொப்பியைக் கழற்றி அலமாரியில் வைத்தாள். "வண்டி வெளியில நிக்குதா?" என்று மட்டும் கேட்டாள்.

வண்டியில் எமோங் அடோபோ டப்பாவை இருக்கைக்கு அடியில் தள்ளி வைத்தான்.

தார்ப்பாயின் கீழே சீட்டாட்டம் நடந்துகொண்டிருந்தது. மாலை வெயில் சந்தில் சாய்ந்திருந்தது. வெள்ளைச் சீருடையில் லுமிங் வண்டியிலிருந்து இறங்கியதும் ஆட்டக்காரர்கள் சீட்டைக் கவிழ்த்து வைத்தார்கள்.

லோலிங் எழுந்து நின்றாள். மறுபடியும் அதே மாதிரி, கையைக் கட்டிக்கொண்டு. "என்னைக் கூட்டிட்டுப் போக வந்தீங்களா?"

லுமிங் சவப்பெட்டி வரைக்கும் போனாள். அங்கேயே நின்றாள். வார்டில் ஒரு அதட்டலில் எல்லாரையும் அடக்குகிற குரல், இங்கே பக்கத்தில் நிற்கிறவர்களுக்கே கேட்காத அளவுக்கு ஒடுங்கிப் போயிருந்தது.

"தியா லோலிங், நீங்க வாங்கிட்டு வந்தது சரியான மருந்து. தண்ணிதான். கண்ணாடிக் குப்பி. அதை நாங்க ராத்திரி வேற நோயாளிக்கு எடுத்துப் போட்டோம். காலைல அதுக்குப் பதிலா வச்சேன் பாருங்க, அது தப்பான குப்பி. வச்சது நான். மேல பிளாஸ்திரி ஒட்டிப் பேரை மறைச்சதும் நான். பார்க்காம ஒட்டினேன். தெரிஞ்ச பிறகும் வாயை மூடிட்டிருந்தேன்."

லோலிங் புரியாமல் ஃபெலிசாவைப் பார்த்தாள். "அப்ப... நான் இல்லையா?"

"இல்லை தியா. நீங்க பத்திரமாத்தான் கொண்டு போனீங்க. கடைக்காரம்மா சாட்சி."

அவள் அழவில்லை. கட்டியிருந்த கைகளைப் பிரித்தாள். இத்தனை நாள் அந்தக் கையை என்ன செய்வது என்று தெரியாமல் இருந்தவள்போல, அதை ஒருமுறை திருப்பிப் பார்த்துவிட்டுப் பெட்டியின் கண்ணாடிமேல் வைத்தாள்.

சமையலறையில் ஏதோ உடைந்தது.

சமையலறை வாசற்படியில் கப்பு கழுவுகிற பெண் நின்றாள். முழங்கை வரைக்கும் சோப்பு நுரை. லுமிங் அவளைப் பார்த்ததும் அவசரமாக, "ஷெய்ரா, நீ பேச வேண்டாம்மா. பேரை மறைச்சது நான். உன்னால பார்த்திருக்கவே முடியாது," என்றாள்.

"முடியும் மானாங்," என்றாள் ஷெய்ரா. "பிளாஸ்திரியை இழுத்தா வந்துடும். நீங்க எப்பவும் முனையை மடிச்சுத்தான் ஒட்டுவீங்க. பிரிச்சுப் பேரைப் படிக்கணும்னுதான் எங்களுக்குச் சொல்லிக் குடுத்தாங்க. நான் படிக்கலை. பன்னிரண்டுன்னு உங்க கையெழுத்து இருந்துச்சு, அது போதும்னு நினைச்சேன்." பிறகு விதவையின் பக்கம் திரும்பினாள். "நான்தான் ஊசி போட்டேன் தியா. உங்க வீட்டுக்குள்ள வந்து பேர் சொல்லாம நின்னேன். சொல்லணும்னுதான் தினமும் வந்தேன். கப்பு கழுவிட்டுப் போயிட்டேன்."

பக்கத்து வீட்டுக்காரிக்குத்தான் முதலில் உயிர் வந்தது. கூடையிலிருந்து கோழிக்குஞ்சை எடுத்துக்கொண்டு பாய்ந்து வந்தாள். "இப்ப வை தியா! இப்பவாச்சும் வை!"

"அதை வெளியில விடு," என்றாள் லோலிங். "அதுக்கு இங்க இனிமே வேலை இல்லை."

ஃபெலிசா கைப்பையிலிருந்து காலிக் குப்பியை எடுத்து விதவையின் முன்னால் வைத்தாள். "நாளைக்குக் காலைல ஆஸ்பத்திரி நிர்வாகத்துக்கு முன்னாடி இவங்க ரெண்டு பேரும் இதையே சொல்லுவாங்க. நானும் சொல்லுவேன், காலைலயே பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தேன்னு. லைசென்ஸ் போகும், வேலை போகும். கேஸ் போடறதும் போடாததும் உங்க இஷ்டம் தியா. யாரும் உங்களைக் கெஞ்ச மாட்டாங்க."

லோலிங் குப்பியைத் தொடவில்லை. அவள் ஷெய்ராவையே பார்த்துக்கொண்டிருந்தாள். முகமூடிக்கு மேலே பார்த்த அந்த இரண்டு கண்களை இப்போதுதான் அடையாளம் கண்டதுபோல் இருந்தது. கோபம் வருகிறதா, அடிக்கப் போகிறாளா என்று எமோங் ஓரடி முன்னால் வந்து நின்றான்.

லோலிங் பக்கத்திலிருந்த நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"உக்காரு," என்றாள். "உன்னை மன்னிச்சுட்டேன்னு நினைச்சுக்காதே. அதெல்லாம் எனக்கு இப்பத் தெரியாது. ஆனா அந்த நேரத்துல பக்கத்துல இருந்தது நீ ஒருத்திதான். என் புருஷன் கடைசியா என்ன சொன்னார்?"

ஷெய்ரா உட்காரவில்லை. நுரை அவள் விரல் நுனியிலிருந்து தரையில் சொட்டிக்கொண்டிருந்தது. அறையில் இருந்த எல்லாரும், சாவு வீட்டில் யாரும் சொல்லக் கூடாத வார்த்தை அங்கே சொல்லப்படப் போகிறது என்று தெரியாமல் காத்திருந்தார்கள்.

"கையை நீட்டினார்," என்றாள். "வலிக்கவே இல்லைம்மா, நல்ல கை உனக்குன்னு சொன்னார். அப்புறம்... அப்புறம் எனக்கு நன்றி சொன்னார் தியா."